போணி

ஊரடங்கு முடிந்து கடை எப்போது திறந்தது என்று ராஜபாளையம் கடைத்தெருவில் நாலு பேரைக் கேட்டால் நாலு தேதி கிடைக்கும். அரசாங்கக் கணக்கில் ஒரே தேதிதான்: 2020 மே 11, திங்கட்கிழமை. மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவோடு இறங்கிய ஷட்டர்கள், ஒரு மண்டலத்துக்கு ஒரு நாள் குறைவாக 47 நாள் மூடிக் கிடந்துவிட்டு அன்றைக்கு ஏறின. காலண்டர் மார்ச்சிலேயே நின்றிருந்தது, பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட வேண்டியிருந்தது என்பதையெல்லாம் அப்போதே எல்லோரும் எழுதித் தீர்த்தாகிவிட்டது. என்னை இன்னும் யோசிக்க வைப்பது வேறு. ஷட்டர் ஏறிய பிறகும் பல கடைகள் திறக்கவில்லை. ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தார், விளக்கு எரிந்தது, சாமி படத்துக்கு முன்னால் பத்தி புகைந்தது. கடை மட்டும் திறக்கவில்லை.

மே 11 உத்தரவில் 34 வகைக் கடைகள் இருந்தன. டீக்கடை உண்டு, பார்சல் மட்டும். சிமெண்டு, பெயிண்டு, ஹார்டுவேர், செல்போன், ஜெராக்ஸ், மூக்குக்கண்ணாடி, நாட்டு மருந்து, மரம் அறுக்கிற மில், செடி விற்கிற நர்சரி எல்லாம் உண்டு. ஜவுளியும் நகையும் என்றால் ஏசி இல்லாத சின்னக் கடையாக இருக்க வேண்டும், ஜவுளி என்றால் அதுவும் கிராமப்புறத்தில். முடிதிருத்தும் கடை கிடையாது. இந்தப் பட்டியலைப் போட்ட அதிகாரிகள் மேல் எனக்குக் கோபமில்லை. நோய் தலைக்கு மேல் நிற்கும்போது பட்டியல் போடுவது லேசான வேலையும் அல்ல. ஆனால் அவர்கள் மனத்தில் இருந்தது பெருநகரத்துக் கடை. அங்கே ஒரு கடை ஒரு சரக்கு விற்கும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கடையைக் காட்டுவது கஷ்டம். எனக்குத் தெரிந்த ஒன்றில் வாசலில் குளிர்பானப் பெட்டி, உள்ளே நுழைந்ததும் ஜெராக்ஸ் மிஷின், அதற்குப் பின்னால் செல்போன் ரீசார்ஜ், மேல்தட்டில் பரிசுப் பொருள், குறுக்கே கட்டிய கயிற்றில் தளவாய்புரத்து நைட்டி, பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் நோட்டுப் புத்தகம். இதில் எது 34-க்குள் வரும், எது வராது? கடைக்காரர் யாரையும் கேட்கவில்லை. நைட்டிக் கயிற்றின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு மீதிக் கடையைத் திறந்தார். ரெண்டு நாளில் போர்வையைத் தூக்கிப் பார்த்து நைட்டி கேட்கிற பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அரசு தன் சொந்தக் கடையை இதற்கு நாலு நாள் முன்னால், மே 7-லேயே திறந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் டாஸ்மாக்கை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும் மே 16-இல் மறுபடி திறந்தார்கள், டோக்கனோடு. போணிக்காகக் காத்திருக்க வேண்டியில்லாத ஒரே கடை அதுதான்.

மற்றவர்கள் காத்திருந்தார்கள். எங்கள் ஊர் வியாபாரிக்குக் கடை திறப்பது என்றால் சாவியைத் திருப்புவது இல்லை. சாவியைத் திருப்பி, வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவர் வந்து ஏதோ ஒன்றை வாங்கி, அந்தக் காசு கைக்கு வரும்வரை கடை பாதி மூடியதாகத்தான் கணக்கு. அதற்கு முன்னால் கடன் கொடுக்க மாட்டார்கள், சில்லறை மாற்றித் தர மாட்டார்கள். முதலில் வருகிறவர் கையை விரித்துவிட்டுப் போனால் அன்றைய வியாபாரமே அப்படி என்று மனசு சுணங்கும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். நானும் தள்ளியிருப்பேன், அந்த ஜூன் மாதத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நடந்ததைப் பார்த்திருக்காவிட்டால்.

டவுனுக்குள் ஜவுளிக்கடை முறையாகத் திறக்க ஜூன் ஆகிவிட்டது. அந்த அண்ணாச்சி சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பிப் பங்குனிக்கு முன்னாலேயே சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சரக்கு இறக்கியிருந்தார். எல்லாம் கடன் பில். கல்யாணங்கள் ஐம்பது பேருக்குள் வீட்டு முற்றத்தில் முடிந்துவிட்டன. பட்டுப்புடவைக்கு அங்கே வேலையில்லை. அடுக்கில் வெளிப்பக்கம் இருந்த சேலைகளில் மடிப்பு விழுந்த கோடு வெளுத்துப் போயிருந்தது. அந்தக் கோட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் திறந்த கடைக்குப் பதினொன்றரைக்கு முதல் ஆள் வந்தது, ஒரு அம்மா, கையில் மஞ்சப்பை. பைக்குள் ஒரு பையன் சட்டை.

“மார்ச்சுல எடுத்தது அண்ணாச்சி. பில்லு இருக்கு. பய வளந்துட்டான், அளவு பத்தல. மாத்தித் தாங்க.”

அண்ணாச்சி சட்டையைக் கையில் வாங்கவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் பாதியைத் துணி மூடியிருந்தது. கண்ணிலிருந்தே பிடித்துக்கொண்டாள்.

“போணி ஆகலையோ?”

“இன்னும் இல்ல தாயி.”

“சரி, மொதல்ல ரெண்டு கைக்குட்டை எடுத்துப் போடுங்க. அத போணியா வச்சுக்கிட்டுப் பெறகு இதப் பாருங்க.”

கைக்குட்டைக்கு நாலு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தாள். வாங்கிய வேகத்தில் அவர் கை கண்ணுக்குப் போனது. போகிற வழியில் நின்றது. ரூபாய் நோட்டைத் தொட்டாலே கையில் சானிடைசர் ஊற்றிக்கொண்டிருந்த நாட்கள். தாளைக் கண்ணில் ஒற்றுவதா, பெட்டியில் போடுவதா என்று அவர் திணறினார். “ஒத்திக்கிருங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது” என்றாள் அந்த அம்மா. ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு சட்டையைப் பிரித்துப் பார்த்து, ஒரு அளவு கூடுதலானதை எடுத்துக் கொடுத்தார். விலை வித்தியாசத்தைக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கைக்குட்டை தேவையாக இருந்திருக்காது. நாற்பது ரூபாய் அந்த மாதத்தில் அவளுக்குச் சின்னத் தொகையும் அல்ல. ரேஷன் கார்டுக்கு அரசு ஏப்ரலில் கொடுத்த ஆயிரம் ரூபாயில் அது எத்தனை பங்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒருவருடைய கடையைத் திறந்து வைக்கிற பொறுப்பு தனக்கு இருப்பதாக அவள் நினைத்தாள். எந்த வழிகாட்டு நெறிமுறையிலும் இதற்கு இடமில்லை. கடை என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்க வேண்டிய கதவு என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான். உத்தரவு ஒரு பக்கத்தைத்தான் தொட முடியும்.

மே 12 இரவு, அதாவது கடைகள் திறந்த மறுநாள், பிரதமர் 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். சிறு தொழில்களுக்கான பகுதியில் முக்கியமானது, ஏற்கெனவே வங்கியில் கடன் உள்ளவர்களுக்கு ஜாமீன் இல்லாமல் மேலும் கடன். ரிசர்வ் வங்கி தவணைகளை ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைக்க வழிசெய்தது. இவையெல்லாம் வங்கியோடு பேச்சுவார்த்தை உள்ளவர்களுக்கு. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில் பாதிக்கு மேல் நடப்பது தண்டலில். காலையில் பத்தாயிரம் என்று வாங்கி, பிடித்தம் போக வந்ததைக் கொண்டு சரக்கு போட்டு, நாள்தோறும் நூறு இருநூறாகக் கட்டுவது. தண்டலுக்குத் தவணை விடுப்பு கிடையாது. ஷட்டர் ஏறிய அன்று பல கடைகளில் முதலில் வந்து நின்ற பைக், வாடிக்கையாளருடையது அல்ல. தண்டல்காரர் நல்ல மனுஷராக இருந்தால், “இன்னைக்குச் சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார். அந்தப் பார்வைக்கு வட்டி உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மூடாத கடைகளின் பாடு தனி. பலசரக்குக் கடை ஒரு நாளும் முழுசாக மூடவில்லை. பகல் ஒரு மணி வரையோ அரை ஷட்டரிலோ நடந்துகொண்டுதான் இருந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1930-களில் தொடங்கிய மில்லிலிருந்து ஆரம்பித்து நூல் மில்களை நம்பி வளர்ந்த ஊர் ராஜபாளையம். சங்குச் சத்தத்துக்குச் சோறு வடித்துப் பழகிய தெருக்கள் இன்னும் இருக்கின்றன. மில் நின்றால் சம்பளம் நிற்கும், சம்பளம் நின்றால் பற்று நோட்டு தடிக்கும். அந்த ஏப்ரலில் ஒரு மளிகைக் கடையின் பற்று நோட்டை நான் பார்க்க நேர்ந்தது. வழக்கமாக ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மாதம் பிறந்ததும் குறுக்கே ஒரு கோடு கிழித்து ‘வரவு’ என்று எழுதிப் புதுப்பக்கம் போவார்கள். அந்த மாதம் கோடே விழவில்லை. பக்கம் தீர்ந்த இடத்தில் காகிதம் ஒட்டி நீட்டியிருந்தார். அரிசி, துவரம்பருப்பு, சோப்பு, மறுபடி அரிசி. மாதத்தின் பாதிக்குமேல் துவரம்பருப்பு மறைந்து தட்டைப்பயறு வந்திருந்தது. சோப்பு இரண்டு முறைதான். தொலைக்காட்சியில் பொருளாதார நிபுணர்கள் நுகர்வு சுருங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. அவர்களுக்கு அந்த நோட்டைக் காட்டியிருக்கலாம்.

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே ரோடு, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை. ஆனால் இரண்டு ஊரின் வியாபாரமும் வேறு வேறு. ராஜபாளையம் தனக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் விற்கிற ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரும்பங்கு வழியில் போகிறவனை நம்பி இருக்கிறது. ஆண்டாளைச் சேவிக்க வந்தவர், குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர், சபரிமலைக்கு மாலை போட்டு வண்டி பிடித்தவர், பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் போகிறவர், இவர்கள் கையில் போகிற அரைக்கிலோ, ஒரு கிலோ டப்பாதான் பால்கோவாக் கடைகளின் உயிர். ஊர்க்காரர் தான் தின்பதற்காகப் பால்கோவா வாங்குவது அபூர்வம். வெளியூர்ச் சொந்தத்தைப் பார்க்கப் போகும்போது வாங்குவார்.

ஆகவே மே மாதத்தில் பால்கோவாக் கடையைத் திறக்கலாம் என்றானபோது வாங்குகிற ஆள் சென்னையிலும் கொல்லத்திலும் மதுரையிலும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஆண்டாள் கோயில் நடை பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது செப்டம்பர் 7. குற்றாலத்து அருவிகளில் குளிக்க டிசம்பர் ஆனது. அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு வார நாட்களில் ஆயிரம் பேர் என்று அளந்து விட்டார்கள். பால்கோவாக்காரரைக் கேட்டால் கடை திறந்த தேதி என்று இவற்றில் எதைச் சொல்வார்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 செப்டம்பரில். இந்தப் பண்டம் இந்த ஊருக்கே உரியது என்று முத்திரை குத்தி ஆறே மாதத்தில், அது இந்த ஊரைவிட்டு நகர முடியாமல் போயிற்று.

மாடு மட்டும் ஊரடங்கு பார்க்கவில்லை. காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். டீக்கடையும் ஓட்டலும் மூடியதும் பால் மிஞ்சியது. பல ஊர்களில் தனியார் கொள்முதலைக் குறைத்தபோது கூட்டுறவுச் சங்கங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கின. பாலைக் கெடாமல் சில நாள் நீட்டிப்பதற்கு மனுஷன் கண்ட வழிகளில் ஒன்று பால்கோவா. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் சர்க்கரை போட்டு, அகலமான இரும்புச் சட்டியில், விறகோ முந்திரிக்கொட்டை ஓடோ எரிகிற அடுப்பில், கை விடாமல் துழாவ வேண்டும். பாதியில் கையெடுத்தால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் மொத்தமும் வீண். கடைசியில் மூன்றரைக் கிலோவுக்குப் பக்கமாகச் சுண்டி வரும். அதுவும் வெளியில் வைத்தால் ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்துக்குள் வாங்குகிறவர் வர வேண்டும். நான்கு அடுப்பு உள்ள ஒரு கடையில் அந்த வருஷம் பல மாதம் ஒன்றைத்தான் பற்றவைத்தார்கள். துழாவுகிற மாஸ்டர்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நாள் வந்தார்கள். இதில் ஒருவர் என்னிடம் சொன்ன குறை காசைப் பற்றியது அல்ல. “நாலு நாளைக்கு ஒருக்கத் துழாவுனா கை பதம் மறந்துருது சார்.” காசைப் பற்றியும் சொல்லியிருப்பார், என்னிடம் சொல்லி என்ன பயன் என்று விட்டிருக்கலாம்.

ஜூன் 1-இல் மண்டலம் மண்டலமாகப் பிரித்துப் பஸ் விட்டபோது எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. விருதுநகர் மாவட்டம் மதுரையோடு ஐந்தாவது மண்டலம். தென்காசி, திருநெல்வேலியோடு ஆறாவது மண்டலம். தென்காசி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர் 22-இல்தான். ஆறு மாதக் குழந்தை மாவட்டத்தின் எல்லை, ராஜபாளையத்துக்குத் தெற்கே சில மைலில், இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியாத கோடாயிற்று. சிவகிரிக்காரருக்கும் வாசுதேவநல்லூர்க்காரருக்கும் ராஜபாளையம்தான் பஜார். பேத்திக்குக் கொலுசு, மோட்டாருக்கு பேரிங், காது குத்துக்குச் சேலை, எல்லாம் இங்கே வந்துதான். ஒரே மண்டலம் என்பதால் ராமநாதபுரத்துக்காரர் வரலாம், சிவகிரிக்காரர் வரக்கூடாது என்றானது. ராமநாதபுரத்திலிருந்து பேரிங் வாங்க இங்கே யாரும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதே கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சப்பட்டை மாம்பழம் பழுத்து விழுகிற மாதம் அது.

சத்திரப்பட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். சுற்றுவட்டாரத்துக்கும் அதுவே பிழைப்பு. உலகமே ஆஸ்பத்திரியாகிவிட்ட நாளில் மருத்துவத் துணி நெய்கிறவர்களுக்கு நல்ல ஓட்டம் இருந்திருக்கும் என்று வெளியூர் நண்பர்கள் போனில் வாழ்த்தே சொன்னார்கள். கொரோனா கட்டுப் போட்டு ஆற்றுகிற காயம் இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ரோட்டில் வண்டி ஓடாததால் விபத்துக் குறைந்தது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை எல்லா நாட்டிலும் தள்ளிவைத்தார்கள். தறி ஓட அனுமதி இருக்கலாம். அந்தத் துணிக்கும் போணி பண்ண ஒருவர் வேண்டுமே.

முடிதிருத்தும் கடைகளுக்கு வந்த உத்தரவில் ஒரு விசித்திரம். மே 19-இல் கிராமங்களில் திறக்கலாம் என்றார்கள். சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் மே 24 முதல். இடையில் ஐந்து நாள், டவுன்காரர்கள் முடி வெட்டிக்கொள்ள சைக்கிளிலும் பைக்கிலும் கிராமத்துக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் இது தலைகீழான பயணம். மே 24 ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் ரம்ஜான். இரண்டு மாதத்து முடியும் பெருநாளும் சேர்ந்துகொண்டன. ஒருவருக்குப் போர்த்திய துணியை இன்னொருவருக்குப் போர்த்தக் கூடாது என்பதால் வீட்டிலிருந்தே துண்டு கொண்டுபோனோம். பிறகு ஆதார் எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொன்னது அரசு. பரம்பரையாக ஒரே தெருவில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் மகனுக்கும் முடி வெட்டியவர், “ஒங்க ஆதாரு?” என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நோட்டை மட்டும் நம் பக்கமாகத் தள்ளினார். மூடிக் கிடந்த நாட்களில் அவர்களில் பலர் வீடு வீடாகப் போய் வெட்டினார்கள். கடை வைத்துப் பெற்ற மரியாதையை விட்டு மறுபடி வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. இதை மற்ற எந்த வியாபாரியும் முழுசாக விளங்கிக்கொள்ள முடியாது. அவர்களுடைய அப்பன் பாட்டன் வாசல்களில் நின்றவர்கள். திண்ணையிலிருந்து சுழல் நாற்காலிக்கு வர ஒரு தலைமுறை பிடித்தது.

திறப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மூடுகிற நேரம் என்று ஒன்று இருந்தது. ஜூன் 19 அன்று பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நாலு நாளுக்குள் அப்பனும் மகனும் செத்துப்போனார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய், போலீஸ்காரர்கள் மீதே கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. 26-ஆம் தேதி வணிகர் சங்கங்கள் கடையடைப்பு நடத்தின. திறக்க முடியவில்லையே என்று இரண்டு மாதம் புழுங்கியவர்கள் தாங்களே ஒரு நாள் மூடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கெடுவுக்கு அரை மணி முன்னாலேயே ஷட்டர் இறங்க ஆரம்பித்தது. மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் நேரம் அந்த அரை மணிதான். ஜீப் சத்தம் கேட்டதும் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஷட்டர்க் கொக்கியைத் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். நேரம் அப்போது ஆறரை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த மாதத்தில் அது ஒரு பாதுகாப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் ஷட்டர் இருந்தது. ஷட்டர் இல்லாத கடைகள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் பூக்குழி, மதுரைச் சித்திரைத் திருவிழா, சங்கரன்கோவில் ஆடித்தபசு, ஆண்டாள் ஆடிப்பூரம், இருக்கன்குடி ஆடி வெள்ளி, புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா என்று ஊர் ஊராகப் போய்த் தரையில் விரிப்பவர்கள். வளையல், பலூன், பொரிகடலை, அரிவாள்மணை, பச்சை குத்துகிற மிஷின், ராட்டினம். இவர்களுடைய பஞ்சாங்கமே வேறு. தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020 ஜூனில் வந்தது. அதற்கு உள்ளாட்சி அடையாளம் வேண்டும். ஆறு திருவிழாவில் ஐந்து ஊர்த் தெருவில் கடை போடுகிறவர் எந்த நகராட்சியின் தெருவோர வியாபாரி? அந்த ஆண்டு ஆடிப்பூரம் ஜூலை 24. தேர் நிலையிலேயே நின்றது. 2021-லும் ஓடவில்லை. அதற்குள் இரண்டாம் அலை வந்து, மே 10-இல் மறுபடி எல்லாம் மூடி, ஜூன் ஜூலையில் கட்டங்கட்டமாகத் திறந்தது. இரண்டாம் முறை திறந்தபோது யாரும் தேங்காய் உடைக்கவில்லை. அந்தக் கோடையில் பல வீடுகளில் சாவு விழுந்திருந்தது. தேர் மறுபடி ரத வீதிகளில் ஓடியது 2022 ஆகஸ்ட் 1.

அன்றைக்குத்தான் தனக்குக் கடை திறந்தது என்று சொன்னாள் வளையல் விரித்திருந்த ஒரு பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொள்முதல் செய்த பெட்டிகளை அப்படியே கொண்டுவந்திருந்தாள். “நெறம் போகலண்ணே. டிசைனு பழசாப் போச்சு. பிள்ளைக கையில போட்டுப் பாத்துட்டுக் கழட்டி வச்சிட்டுப் போகுதுக.” அவளுக்குப் போணி பண்ணியது ஒரு கிழவி. கண்ணாடி வளையலில் என்றைக்கும் பழசாகாத பச்சையை எடுத்துக்கொண்டாள், பேரம் பேசாமல்.

இவ்வளவும் சொன்ன பிறகு டீக்கடைக்காரர் ஒருவரையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. என் கதைக்கு ஒத்துவராத ஆள் அவர். 2020 மே 11 அன்று பார்சல் மட்டும் என்று திறந்தவர். தூக்குவாளியோடு வரிசையில் நின்று வாங்கிப் போனோம். ஆறேழு பேர் சந்துக்குள் ஒதுங்கி நின்று குடித்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டீக்கடை என்றால் டீ இல்லை, பெஞ்சும் தினசரியும் சண்டையும் சேர்ந்ததுதான் என்று நான் நம்பியிருந்தேன். பெஞ்சு வருகிற நாள்தான் அந்தக் கடை திறக்கிற நாள் என்று மனசுக்குள் தேதியும் குறித்து வைத்திருந்தேன். உட்கார்ந்து சாப்பிடலாம் என்று உத்தரவு வந்தது, போனது, மறுபடி வந்தது. பெஞ்சு வரவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“பெஞ்ச எப்ப அண்ணாச்சி போடப் போறீக?”

“எதுக்கு? பெஞ்சு கெடந்தா ஒரு டீக்கு ஒரு மணி நேரம் உக்காந்து, ரெண்டு பேப்பரையும் முடிச்சிட்டுத்தான் எந்திரிக்காக. இப்பப் பாருங்க, நின்ன வாக்குல குடிச்சிட்டு அஞ்சு நிமிசத்துல போயிருதாக. யாவாரம் முன்னைக்கு இப்ப நல்லாவே இருக்கு.”

“பேப்பர்?”

“நிறுத்தியாச்சு. எல்லாரும் போன்லதான பாக்காக. ஒங்களுக்குப் பெஞ்சு வேணும்னா எடுத்துட்டுப் போங்க, மொட்டமாடில சும்மாதான் கெடக்கு. ஆட்டோக் கூலி ஒங்களுது.”